பூரான் வந்த வழி

அன்புள்ள கலா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புது வீடு, தரைத்தளம், இனிமேல் படியேற வேண்டாம் என்று சந்தோஷமாக ஆரம்பித்தாய். மூன்றாம் பக்கத்தில் பூரானுக்கு வந்ததும் உன் கையெழுத்தே மாறிவிட்டது. பேரன் படுத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சுவரோரமாக அது ஓடியதையும், அன்றிலிருந்து நீ ராத்திரியில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பதையும் படித்து எனக்கு மனசு கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தானே படிக்கிறார். சின்னவள் வேலை மாறிவிட்டாள். மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் நானும் உன்னைப் போலத்தான் தூங்காமல் கிடந்தேன். அப்போது உனக்கு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. குளியலறை ஓட்டையில் ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டினேன், இருமல் வந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். இனிமேல் அதைச் செய்யவே செய்யாதே, கலா. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைக் கெடுத்துவிடும். உன் கடிதத்தில் எனக்குப் பூரானைவிடப் பயம் தந்தது அந்த ஒரு வரிதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். குளியலறை வாசலில் ஈரமாகக் கிடந்த மிதியடியை உதறிப் போடலாம் என்று தூக்கினேன். மோதிர விரலில் சுரீர் என்றது. நெருப்புக் கங்கைத் தொட்ட மாதிரி இருந்தது. மிதியடி மறுபடி தரையில் விழுந்தபோது அதன் ஓரத்திலிருந்து செம்பழுப்பாக ஒன்று வழிந்து ஓடியது. ஓடியது என்பதைவிட வழிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு வேகம். விரலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். வலி மணிக்கட்டு வரை ஏறியது. அந்தப் பதற்றத்தில் மோதிரத்தைக் கழற்றத் தோன்றவில்லை. அரை மணியில் விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், கையில் கடித்தால் முதல் வேலை மோதிரத்தையும் வளையலையும் கழற்றுவது. அப்புறம் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

மருத்துவர் சொன்ன கைப்பக்குவம் எளிது. தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி நேரம் கையை வைத்திருக்கச் சொன்னார். விஷத்தின் வீரியம் சூட்டில் குறையும், வலி இறங்கும். சிலருக்கு ஐஸ் ஒத்தடம் கேட்கிறது. எனக்கு வெந்நீர்தான் கேட்டது. குழந்தைக்கு என்றால் நீ முதலில் உன் கையை விட்டுப் பார்த்துவிட்டு வை. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேட்டுக்கொள். வலியும் வீக்கமும் ஒன்றிரண்டு நாளில் வடியும், பயப்பட வேண்டாம். ஆனால் மூச்சு இரைத்தாலோ, முகம், உதடு வீங்கினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காராதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அது கடிப்பதும் பல்லால் இல்லை. தலைக்கு அடியில் இருக்கும் முதல் ஜோடிக் கால்களே கொடுக்காக மாறி, அதன் நுனி வழியாகத்தான் விஷம் இறங்குகிறது. அந்த இரண்டு புள்ளிகள் அதனால்தான்.

கடி ஆறிய பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. இரண்டு மாதம் மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டேன். வீடு முழுக்க நெடி, பாத்திரம் எல்லாம் மறுபடி கழுவல். ஆனால் பூரான் வந்துகொண்டேதான் இருந்தது. ஒரு ராத்திரி ஒன்றைக் கண்ணாடி டம்ளரால் கவிழ்த்துப் பிடித்தேன். விடியட்டும், யாராவது வந்து எடுத்துப் போடட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அப்புறம் நின்றது. தலையைத் திருப்பி, நீண்ட உணர்கொம்பு ஒன்றை வாய்க்குள் இழுத்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக உருவிச் சுத்தம் செய்தது. அடுத்த கொம்பு. அப்புறம் ஒவ்வொரு காலாக. பூனை தன்னை நக்கிக்கொள்வதுபோல அவ்வளவு பொறுமையாக. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது என் வீட்டில் எதைத் தின்கிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்ற கேள்வி அந்த ராத்திரிதான் எனக்கு முதன்முதலாக வந்தது.

எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, கலா. கரப்பானுக்கு உடம்பின் ஈரம் வெளியே போகாமல் மேல்தோலில் மெழுகுப் பூச்சு உண்டு. பூரானுக்கு அது போதாது. காய்ந்த இடத்தில் அதிக நேரம் இருந்தால் அதன் உடம்பே உலர்ந்துபோகும். அதனால் பகலில் ஈரமான சந்தில் கிடந்துவிட்டு, ராத்திரி இரை தேடிக் கிளம்புகிறது. இரை என்றால் கரப்பான், சிலந்தி, ராமபாணப் பூச்சி, சின்னப் புழு பூச்சிகள். ஒரு வீட்டில் பூரான் அடிக்கடி வந்தால் அங்கே ஈரமும் இருக்கிறது, அது தின்னப் பூச்சியும் இருக்கிறது. எத்தனை மருந்து அடித்தாலும் அந்த இரண்டும் இருக்கும்வரை புதிது புதிதாக வரும்.

மறுநாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்து தேடினேன். வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த அலமாரியின் பின்பலகை உப்பியிருந்தது. கையை வைத்தால் மெத்தென்று அமுங்கியது. குழாய் இணைப்பில் அரை நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. சொட்டு விழுந்த இடத்தில் பழைய அட்டைப்பெட்டி ஒன்று ஊறிக் கிடந்தது. அதைத் தூக்கினேன். கரப்பான் முட்டைக்கூடுகள், ஓடிய ராமபாணங்கள், நடுவில் விரல் நீளத்தில் இரண்டு பூரான். பத்து ரூபாய் பெறாத வாஷர் ஒன்றுதான் தேய்ந்திருந்தது. அதை மாற்றி, பலகையைக் கழற்றி எறிந்து, சுவர் வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். ஒரு மாதத்துக்குள் பூரான் நின்றது.

உன் வீட்டிலும் முதலில் கசிவைத் தேடு. சிங்க்குக்கு அடியில், வாஷிங் மிஷினுக்குப் பின்னால், குளியலறைக்கு ஒட்டிய சுவரில் பெயிண்ட் பொரிந்திருக்கிறதா என்று பார். தண்ணீர் போகும் ஓட்டைகளுக்குக் கண் சிறியதான வலை போடு. அதிகம் புழங்காத குளியலறை இருக்கிறது என்றாயே, அங்கே வாரம் ஒரு முறை ஒரு வாளி தண்ணீர் ஊற்று. ஓட்டைக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் வாசலை அடைத்துக் காக்கிறது. அது வற்றினால் வழி திறந்துவிடும். வாசல் கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடித்துவிடு. வீடு மாறிய அட்டைப்பெட்டிகள் இன்னும் தரையில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. சுவரை ஒட்டிய பூந்தொட்டிகளையும் சருகுகளையும் தள்ளி வை. கரப்பானுக்கு ஸ்ப்ரேயைவிட மூலையில் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் நல்லது. ஒரு பெரிய கரப்பானின் முட்டைக்கூட்டுக்குள் 14, 16 குஞ்சுகள் இருக்கும். ஸ்ப்ரே அந்தக் கூட்டுக்குள் போகாது. ஜெல்லை பேரன் கை எட்டாத இடத்தில் வை.

இன்று ராத்திரி தூங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு. போர்வை, மெத்தை விரிப்பு எதுவும் தரையைத் தொடக் கூடாது. தரையில் படுக்க வேண்டாம். துண்டு, செருப்பு, ஷூ எதையும் உதறாமல் எடுக்காதே. தப்பித் தவறி ஏதாவது காதுக்குள் போனால் பட்ஸ், ஊக்கு எதையும் உள்ளே விடக் கூடாது. குத்தினால் பூச்சி உள்ளேதான் போகும், செவிப்பறையும் கிழியலாம். நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

பார்த்ததையெல்லாம் அடிக்கவும் வேண்டாம். மரவட்டை கடிக்காது. மிதித்தால், நசுக்கினால்தான் அதன் நீர் தோலில் பட்டுக் கறையாகும், கண்ணில் பட்டால் எரியும். முறத்தில் தள்ளி வெளியே விடு. மயிரிழை போல நீளமான 15 ஜோடிக் கால்களோடு சுவரில் பறக்கிற மாதிரி ஓடும் பூரான் இனம் ஒன்று உண்டு. அது கரப்பானையும் ராமபாணத்தையும் தின்னும், மனுஷரை அநேகமாகக் கடிப்பதில்லை. அதை நான் விட்டுவிடுகிறேன். பல்லியையும் அப்படித்தான். ஆனால் படுக்கையறையில் தடித்த பூரானைக் கண்டால் அடித்துவிடு, எனக்கு அதில் தயக்கமே இல்லை. தேள் என்றால் பேச்சே வேறு. குழந்தையைக் கொட்டினால் வலி குறையட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தேள் உடம்பு புற ஊதா டார்ச்சில் பச்சையாக ஒளிரும். சந்தேகமாக இருந்தால் அந்த டார்ச் ஒன்று வாங்கி, இருட்டில் வீட்டைச் சுற்றி அடித்துப் பார்.

பூரானுக்கு நூறு கால் இருக்கா என்று பேரன் கேட்டானாமே. வளர்ந்த பூரானுக்குச் சரியாக நூறு கால் இருக்காது என்று சொல். அதன் கால் ஜோடி எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும், இனத்தைப் பொறுத்து 15 ஜோடியிலிருந்து 191 ஜோடி வரை. நூறு கால் என்றால் 50 ஜோடி, அது இரட்டைப்படை. நிஜமாகவே ஆயிரம் காலுக்கு மேல் உள்ளது மரவட்டை இனம் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் பூமிக்கு அடியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்ததை 2021இல் எண்ணினார்கள், 1306 கால். இன்னொன்றும் அவனுக்குச் சொல்லலாம். பெரிய பூரான்களில் தாய் முட்டைகளைச் சுற்றி வளையமாகச் சுருண்டு படுத்து, பூஞ்சை பிடிக்காமல் நக்கி நக்கி, குஞ்சுகள் தானாக நடமாடும்வரை வாரக்கணக்கில் அந்த இடத்தை விட்டு நகராது. இதைக் கேட்டால் அவனுக்குப் பயம் கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

நாளைப் பகலில் டார்ச்சோடு ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே ஈரம் இருந்தது என்று எனக்கு எழுது. குனிய முடியாவிட்டால் மகனைக் கூப்பிடு, இடுப்பை வருத்திக்கொள்ளாதே. பேரனுக்கு என் முத்தம்.

அன்புடன்,
சுமதி