‘மஅஸே’ என்பது வெறும் உழைப்பு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உழைப்பின் பெருமையைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையாளர், ‘மஅஸே’ என்ற எபிரேயச் சொல்லுக்குப் பாடுபட்டு உழைத்தல் என்பதே மூலப்பொருள் என்று சொல்லி, வேதாகமத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 90ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை (‘எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும்’ என்னும் வேண்டுதலை) சான்றாகக் காட்டியிருந்தார். அவருடைய நோக்கத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சொல்லுக்கு அவர் தந்த பொருள்தான் பொருந்தவில்லை.

செய்தல், உண்டாக்குதல் ஆகிய இரண்டையும் குறிக்கும் ‘அஸா’ என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இது. ஆகவே செய்த செயலையும், செய்து முடித்த பொருளையும் இது ஒருங்கே சுட்டும். 19ஆம் சங்கீதத்தில் ஆகாயவிரிவு அறிவிப்பது கடவுளுடைய கைகளின் மஅஸேயை. வேதாகமத்தின் மற்றொரு நூலான உபாகமம் 4:28இல் மரத்தாலும் கல்லாலும் ஆன சிலைகள் மனிதக் கைகளின் மஅஸே. யாத்திராகமத்தில், இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் வாசல் தொங்குதிரையில் செய்த சித்திரத் தையலுக்கும், அபிஷேகத் தைலம் கூட்டுபவரின் கைத்திறனுக்கும் இதே சொல்தான் வருகிறது. பிரசங்கி நூலின் இறுதி வசனத்தில் நியாயத்தீர்ப்புக்கு வரும் ‘ஒவ்வொரு கிரியை’யும் மஅஸேதான், அங்கே அது நல்லதும் தீயதுமான நடத்தை. ஆதியாகமம் 5:29இல் சொல் உழைப்பின் பக்கம் சாய்வதாகத் தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கும் கைகளின் பிரயாசத்தைச் சொல்ல அருகிலேயே வேறொரு சொல் நிற்கிறது.

கட்டுரையாளர் காட்டிய சங்கீதமே அவருக்கு எதிராகப் பேசுகிறது. எழுபது, மிஞ்சினால் எண்பது ஆண்டு வாழ்வு ‘வருத்தமும் சஞ்சலமுமே’ என்னும் 10ஆம் வசனத்தில் ‘வருத்தம்’ என்று தமிழில் வந்திருப்பதுதான் பாடுபடுதலைக் குறிக்கும் ‘ஆமால்’ என்ற சொல். 16ஆம் வசனத்தில் கடவுளின் கிரியைக்கு ‘பொஅல்’ என்றும், 17ஆம் வசனத்தில் நம் கைகளின் கிரியைக்கு ‘மஅஸே’ என்றும் எபிரேயம் வேறுபடுத்துகிறது; தமிழ் வேதாகமம் இரண்டையும் ‘கிரியை’ என்றே பெயர்த்திருப்பதால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. (இன்றைய எபிரேய இலக்கணத்தில் வினைச்சொல்லுக்கும் ‘பொஅல்’ என்றே பெயர், நம் ‘வினை’யும் அப்படித்தானே.) புல்லைப்போல் வாடிப்போகும் மனிதன், தன் கை ஆக்கிய ஒன்றையாவது நிலைக்கச் செய்யும்படி வேண்டுகிறான். மஅஸே பாடுபடுதல் என்றால், ‘எங்கள் பாடுகளை உறுதிப்படுத்தும்’ என்று அவன் கேட்டதாகிவிடும்; அப்படி யாரும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள்.

பிற்கால யூத ரபிமார் ஒரு நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லும்போதும் ‘மஅஸே’ என்றே தொடங்கினர். அவ்வழியே ஐரோப்பிய யூதர் பேசிய இத்திஷ் மொழியில் ‘மைசே’ என்றால் கதை என்றாகிவிட்டது. உழைப்பு என்ற பொருளிலிருந்து இந்த இடத்துக்கு வந்துசேர வழியில்லை. செய்தது, நடந்தது என்ற பொருளிலிருந்து எளிதாக வரலாம்.

வரும் ஞாயிறு இணைப்பில் இதைத் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.