அளவெடுக்காத இயந்திரம்

ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வங்கியில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தை வெயில் நேராக அடிக்கிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். வயதான அம்மாக்கள் ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டு எட்டி எட்டித் தொடுகிறார்கள். அளவெடுக்காமல் ரவிக்கை தைத்தால் என்னைச் சும்மா விடுவார்களா?

கருவிகளை மனிதர்களின் உடலுக்கும் கண்ணுக்கும் ஏற்ப வடிவமைக்க முதுநிலைப் படிப்பே இருக்கிறதாம். மகள் சொல்லித்தான் தெரியும். மும்பை ஐஐடியில் இன்டராக்‌ஷன் டிசைன் என்ற எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம்) இருக்கிறது. அதில் சேர்வதற்கான ‘சீட்’ (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை, பிளஸ் டூவுக்குப் பின் மூன்றாண்டுப் பட்டம் முடித்த எவரும் எழுதலாம். இங்கே பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு பி.எட்., விட்டால் வங்கித் தேர்வு, அவ்வளவுதான் தெரிகிறது. தேர்வு வழக்கமாக ஜனவரியில் வரும். விண்ணப்பம் தொடங்கும் முன்பே உங்கள் கல்விப் பக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்