பைதன் புத்தகம் வாங்க முதல்

ஒட்டுசுட்டான்

அன்பு மகனுக்கு,

பைதன் என்கிற புரோகிராம் மொழிக்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கோ என்று கேட்டிருந்தாய். படிக்கிற புத்தகம் வேறை, புரட்டிப் பார்க்கிற புத்தகம் வேறை. லூப், ஃபங்ஷன், லிஸ்ட் எல்லாம் ஏ.எல். ஐ.சி.டி.யிலேயே செய்துவிட்டாய். மாறி என்றால் என்ன என்று தொடங்குகிற தடிப் புத்தகம் இனி உனக்குக் காசுக்கு நட்டம். கோட் எழுதிக்கொண்டிருக்கும்போது திறந்து, விடையை எடுத்துப்போட்டு உடனே மூடக்கூடியதுதான் இப்ப வேணும்.

அந்த மாதிரிப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து பார். ஆயிரம் பக்கத்துக்கு எட்டுப் பக்க இன்டெக்ஸ் (சொல்லடைவு) என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வா. இன்டெக்ஸ் போதுமானதாக இருந்தால் மூன்று விஷயத்தைத் தேடிப் பார்.

முதலாவது ரவுண்ட். பைதன் 3இல் 2.5ஐ ரவுண்ட் செய்தால் 2 வரும், 3.5க்கு 4 வரும். சரி நடுவில் நிற்கிற எண் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். பைதன் 2இல் அதே 2.5க்கு 3 வந்தது. "கிட்டிய முழு எண்ணாக்கும்" என்று ஒரு வரியோடு விட்ட புத்தகம் புள்ளிக் கணக்கில் உன்னை மாட்டிவிடும்.

இரண்டாவது ஸ்ட்ரிப், சொல்லின் இரண்டு ஓரத்திலும் எழுத்துகளை வெட்டுவது. அதற்குக் கொடுக்கிறது ஒரு சொல் அல்ல, எழுத்துகளின் கூட்டம். அதில் உள்ள எழுத்து எத்தனை தரம் வந்தாலும் ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே போகும். "வவுனியா"வில், இடது ஓரத்தை மட்டும் வெட்டுகிற எல்ஸ்ட்ரிப்புக்கு "வ" கொடுத்துப் பார். "வுனியா" வராது. இரண்டாவது வகரமும் சேர்ந்து போய், உகரக் குறி மட்டும் தனியே தொங்கும். ஏனென்றால் பைதன் "வு"வை ஓர் எழுத்தாகப் பார்ப்பதில்லை. வகரம் ஒன்று, குறி ஒன்று. நாங்கள் நாலு எழுத்தென்று எண்ணுகிற வவுனியாவுக்கு, நீளத்தைத் தருகிற லென் 7 என்று சொல்வதும் அதனால்தான். தமிழில் டேட்டா எடுத்து வேலை செய்யப் போகிற உனக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் இலக்கம் கொடுக்கிற முறை) பகுதி ஒழுங்காக இல்லாத புத்தகம் பாதிப் புத்தகம். முன்னொட்டை மட்டும் வெட்ட ரிமூவ்பிரிஃபிக்ஸ் பைதன் 3.9இல், 2020இல் வந்தது. அது இல்லையென்றால் புத்தகத்தின் வயதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது சோர்ட். அது லிஸ்டை இருந்த இடத்திலேயே அடுக்கிப்போட்டு நொன்னை, அதாவது ஒன்றுமில்லை என்பதைத் தரும். சோர்ட்டட் புது லிஸ்ட் தரும். இந்த வித்தியாசம் ஒரே பக்கத்தில் இருக்கவேணும்.

வருஷத்தைப் பார்க்கத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்துக்குப் போ. மறுஅச்சு வருஷமும் பதிப்பு வருஷமும் ஒன்றல்ல. மலிவு இந்திய அச்சுகளில் "மறுஅச்சு 2022" என்று இருக்கும், உள்ளே 2013இல் எழுதியது அப்படியே கிடக்கும். பைதனின் டிக்ஷனரிக்கு (பெயரும் மதிப்பும் சோடியாக வைக்கிற அமைப்பு) ஒழுங்கு இல்லை என்று எழுதியிருந்தால் அது 3.7க்கு, அதாவது 2018க்கு முந்தியது. மேட்ச்-கேஸ் கட்டளை இருந்தால் 3.10க்குப் பிறகு, 2021 தாண்டியது. பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்லாத புத்தகத்தைச் சும்மா தந்தாலும் வாங்காதே. அது பைதன் 2இன் புத்தகம், அதற்கான பராமரிப்பு 2020 தை மாதத்தோடு முடிந்துவிட்டது.

போட்டோக்கொப்பி எடுப்பதென்றால் கடைசித் தாள்களை எண்ணிப் பார். காசு மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவது இன்டெக்ஸைத்தான்.

உண்மையைச் சொன்னால், பைதனின் சொந்த ஆவணத்தை மிஞ்சிய புத்தகம் இல்லை. அவர்களின் டவுன்லோட் பக்கத்தில் பி.டி.எஃப்., எச்.டி.எம்.எல். இரண்டும் இலவசம். எச்.டி.எம்.எல். சிப் (zip) கோப்பை எடுத்து விரித்து வை, இணையம் இல்லாமலே பிரௌசரில் திறக்கும். லீவுக்கு இங்கே வந்தால் அதுதான் கைகொடுக்கும், மழை பிடித்தால் கரண்டும் சிக்னலும் சோடியாகத்தான் போகும். உன் லப்டொப்பில் ஓடுகிற பைதன் எந்த இலக்கமோ அதே இலக்கத்துக்கான ஆவணம் எடு. தினம் தேவைப்படுவது நூலகக் கையேடு, பைதனோடு தயாராக வருகிற ஃபங்ஷன்களின் விளக்கம். மொழிக் கையேடு இலக்கணத்துக்கு, அது கொஞ்சம் கடினம்தான். அவசரத்துக்கு ஹெல்ப் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தாலே விளக்கம் வரும்.

சி மொழிக்கு வேறை கதை. அது மெல்ல மாறுகிற மொழி, மருதானையில் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய "தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்" புத்தகத்தின் 1988 இரண்டாம் பதிப்பு கிடைத்தால் எடு. முந்நூறு பக்கம்கூட வராது. பின்னிணைப்பு ஏ மொழிக் கையேடு, பி நூலகம். ஆனால் அதன் முதல் புரோகிராமே 2024இல் வந்த ஜி.சி.சி. கம்பைலரின் 14ஆம் பதிப்பில் பிழை காட்டும், மெயினுக்கு முன்னால், முழு எண்ணைத் தரும் என்று காட்டுகிற இன்ட் இல்லாததால். சி மொழியின் 1999 தரத்திலேயே அந்த வழக்கத்தை எடுத்தாயிற்று, ஜி.சி.சி.தான் அதுவரை பிழை காட்டாமல் விட்டுவந்தது. இன்ட்டைச் சேர்த்துவிட்டால் ஓடும்.

காசு கொடுக்க முதல் பதிப்புப் பக்கத்தையும் இன்டெக்ஸில் ஒரு தாளையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடு. பள்ளிக்கூடத்தால் வந்து பின்னேரம்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா