கறுப்புச் சுவரும் பழக்கூடையும்

அன்புள்ள சாந்தி,

ஆவணியில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் இந்தப் பக்கம் முடிவதற்குள் திட்டித் தீர்த்துவிடு. அடுத்த பக்கத்தில் எனக்கு உன் அனுதாபம் வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை அதே அளவில் நிற்கிறது, பேச்சுதான் ஏறிக்கொண்டே போகிறது. அகிலா பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே பாலு. பாவம், பெண் குழந்தை.

சரி, விஷயம் இதுதான். அடுப்படியை மாற்றிவிட்டேன். மேடைக்கு மேலே இருக்கிற சுவர் முழுக்கக் கறுப்பு.

நங்கநல்லூர் வீட்டு அடுப்படி உனக்குத் தெரியாததா? 1996இல் பில்டர் ஒட்டிக்கொடுத்த வெள்ளை டைல்ஸ். அடுப்புக்குப் பின்னால் மட்டும் திராட்சையும் ஆப்பிளும் வழிகிற பழக்கூடைப் படம். நீகூட "இந்த ஆப்பிளைத் தின்றால்தான் உனக்குப் புத்தி வரும்" என்பாயே, அதேதான். இத்தனை வருஷத் தாளிப்பில் வெள்ளை மஞ்சளாகி, இணைப்பெல்லாம் பழுப்பாகிவிட்டது. சோடா உப்பு, எலுமிச்சைத் தோல், பழைய டூத் பிரஷ் என்று நான் தேய்க்காத தேய்ப்பில்லை. அப்புறம் ஒரு நாள் அகிலா பெண்ணின் பள்ளிக்கரணை வீட்டுக்குப் போனேன். பளபளவென்று கறுப்புச் சுவர், அதன் முன்னால் ஒரு பித்தளைக் குடம். கர்ப்பக்கிரகத்தில் விளக்கு ஏற்றிவைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "திருவையாற்று வீட்டிலே வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கரியைப் போக்கினேன். நீ காசு கொடுத்துக் கரி வாங்குகிறாயா?" இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே செய்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும், அந்தக் குடை விஷயத்திலேயே பார்த்தவள்தானே நீ.

மாதவரம் பக்கம் இரண்டு நாள் கடை கடையாக அலைந்தேன். கடப்பா கல் மலிவுதான், ஆனால் அது சுண்ணாம்புக்கல். எலுமிச்சையும் புளியும் பட்டால் அரித்துவிடும். நம் வீட்டில் புளி படாத நாள் ஏது? கிரானைட் சுவருக்குக் கனம். (அந்தக் கறுப்புக் கல் உண்மையில் கிரானைட்டே இல்லையாம், கேப்ரோ, டோலரைட் வகைப் பாறையாம். கடையில் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது இவர் பாடம் நடத்தினார். கடைக்காரர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.) பின்புறம் கறுப்புப் பெயிண்ட் அடித்த கண்ணாடி அழகோ அழகு. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் சூடு தாங்க அதை டெம்பர் செய்ய வேண்டும், அதாவது காய்ச்சிக் கெட்டிப்படுத்த வேண்டும். செய்தபின் அதில் ஓட்டை போட முடியாது. பிளக் பாயிண்ட் எங்கே வருகிறது என்று முன்கூட்டியே அங்குலம் பிசகாமல் சொல்ல வேண்டும். மிக்சியை எங்கே வைப்பது என்று இன்றுவரை முடிவு செய்யாதவள் நான். கடைசியில் குஜராத்தில் மோர்பியிலிருந்து வருகிற இரண்டடிக்கு ஓரடி டைல்ஸ்தான், பளபளப்பு ரகம். ஒன்பதடி நீளம், இரண்டடி உயரம். கணக்குக்கு ஒன்பது டைல் போதும், உடைசலுக்கு இரண்டு. பெட்டிக்கு ஐந்து, உடைத்துத் தரமாட்டேன் என்று பதினைந்தைத் தலையில் கட்டினார்.

டைல்ஸ் மேஸ்திரி நல்ல மனுஷர், கை சுத்தம். ஆனால் நான் வங்கிக்குப் போய்விட்டு வருவதற்குள் இணைப்பில் வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டார். உள்ளே வந்து பார்க்கிறேன், சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடு. நம் கணக்கு டீச்சர் கரும்பலகையில் கிராஃப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்ட மாதிரி. அதையெல்லாம் சுரண்டி எடுத்துக் கறுப்பு எபாக்ஸி என்கிற பிசின் பூச்சு வைக்க இன்னொரு நாள் கூலி. அதுவும் எண்ணெய் இறங்காத ரகமாம், போகட்டும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், அகிலாவிடம் சொல்லாதே. கறுப்பு அழுக்கை மறைக்கும் என்று சொன்னவன் சமைத்ததே இல்லை. மாவுப் பொடி தெரிகிறது, இட்லி மாவு சொட்டு தெரிகிறது, விரல் ரேகை தெரிகிறது. எல்லாவற்றையும்விட தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியும், ஒரு சொட்டு தெறித்துக் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு. வினிகரில் துணியை நனைத்துத் துடைத்தால் போகிறது, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை துடைக்கிறேன். இவர் கேட்டால் "சும்மா தூசி" என்கிறேன்.

ஆனாலும் சாந்தி, சாயங்காலம் விளக்குப் போட்டதும் நின்று பார்க்கிறேன். அஞ்சறைப் பெட்டி திறந்திருந்தால் அதன் மஞ்சளும் மிளகாய்த் தூளும் சுவரில் இன்னொரு தடவை தெரிகின்றன. அதற்காகத் துடைக்கலாம்.

அப்படி நான் பூரித்துக்கொண்டிருந்த மூன்று வாரமும் அம்மா அடுப்படிக்கு வரவேயில்லை.

பழக்கூடை போன கோபம் என்று நினைத்தேன். காலை ஐந்தரைக்கு டிகாக்ஷன் போடுகிறவள், நான் எழுந்து போடும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால், "நீயே பண்ணு, உன் அடுப்படி" என்றாள். எனக்கும் ஏறிவிட்டது. எண்பத்தொரு வயதில் ஒரு டைலுக்கு இவ்வளவு வீம்பா என்று நானும் பேசாமல் இருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே.

ஒரு நாள் மத்தியானம் தயிர் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஸ்பூனால் சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா? கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் நான்கு விரல் நுனியிலும் கொப்புளம், காய்ந்து தோல் உரிகிற பருவத்தில். கற்றாழை தடவித் தானே ஆற்றிக்கொண்டிருக்கிறாள். நான் குளிக்கப் போயிருந்தபோது அப்பளம் பொரிக்க நினைத்திருக்கிறாள். இரும்புச் சட்டி கறுப்பு, புது அடுப்பின் மேல்கண்ணாடி கறுப்பு, மேடை கறுப்பு, பின்னால் நான் ஆசை ஆசையாக ஒட்டிய கறுப்பு. சட்டியின் காது எங்கே இருக்கிறதென்று தடவித் தேடியிருக்கிறாள்.

"எல்லாம் ஒரே இருட்டா இருக்குடி" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் கிளாக்கோமா, அதுதான் கண் அழுத்த நோய், என்று எழுதியிருந்தேன் இல்லையா. சொட்டு மருந்து தவறாமல் விடுகிறோம், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, அதனால் நான் அதை மறந்தே போனேன். டாக்டரிடம் ஓடினேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்பது தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொன்னார். ஓரப் பார்வை போவதோடு, ஒரு நிறத்தை அடுத்த நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்கிற சக்தியும் குறைகிறதாம். "வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் போடாதீர்கள், கறுப்பு மேடையில் கறுப்புப் பாத்திரம் வைக்காதீர்கள்" என்றார். வெளிச்சம் கூட்டலாமே என்று அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை போட்டிருந்தேன். அது என் பளபளப்பு டைலில் பட்டுக் கத்தி மாதிரி அம்மா கண்ணில் அடித்திருக்கிறது. அதையும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

இடித்துவிடலாம் என்று அன்று ராத்திரி நினைத்தேன். காலையில் மனசு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு, சுவர் மேடையைத் தொடுகிற இடத்தில் மட்டும் நான்கு அங்குலம் வெட்டி எடுத்து வெளிர் மஞ்சள் டைல் ஓட விட்டேன். மேடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று இப்போது தெரிகிறது. மேடையின் முன்விளிம்பில் மஞ்சள் டேப். எல்இடி பட்டைக்கு மேலே பால் நிற மூடி. அடுப்பில் எவர்சில்வர் வாணலி மட்டும். இரும்புச் சட்டி பரணுக்குப் போய்விட்டது. பார்க்க, அகிலா பெண் வீடு மாதிரி இல்லை. ரயில்வே பிளாட்ஃபாரம் மாதிரி இருக்கிறது என்கிறார் இவர். போகட்டும்.

முதலில் பழைய டைல்ஸை இடித்த குப்பையில் முழுசாக வந்த பழக்கூடை டைல் ஒன்றை மேஸ்திரி எடுத்து வைத்திருந்தார். அதை ஒட்டித்தரச் சொல்லட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று வாங்கி, கழுவி, மேடைமேல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். டபராவும் டம்ளரும் இப்போது அதன்மேல்தான் வைக்கிறாள். நேற்று ஐந்தரைக்கு ஃபில்டர் மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை, படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கழிக்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. வெங்காய வடகம் கொண்டு வா, வீட்டுக்காரரையும் கொண்டு வா, அந்த வரிசையில். உன் அடுப்படியில் மாமியாருக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று எனக்காக ஒரு தடவை கேட்டுவிடு.

உன்,
மீனா

பி.கு: நான்கு கறுப்பு டைல் மிச்சம் பரணில் இருக்கிறது. வேண்டுமானால் சொல், எடுத்துப்போய் உன் வீட்டிலும் நாலு தடவை துடை.