ஓரம் தெரிகிறதா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். 1989-லேயே யாங்கோன் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். அனோரத்தா சாலையில் காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாவது மாடியில் பல் லேப் வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அளவுக்கு கிரவுன் (பல்லைச் சுற்றி மூடும் தொப்பி), பிரிட்ஜ் (விழுந்த பல்லுக்குப் பாலம்), வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு) செய்து கொடுக்கிற ஆள். 34 வருஷத் தொழில். அதில் முதல் 25 வருஷம் மெழுகும் பீங்கான் பொடியும். அப்புறம்தான் கம்ப்யூட்டரும், பீங்கானை வெட்டும் மில்லிங் மெஷினும்.

உங்கள் நாளிதழில் நல்லதாக ஏதாவது வந்தால் மதுரையிலிருக்கும் மச்சான் வாட்ஸப்பில் அனுப்பிவைப்பார். போன வாரம் பல் அழகு பற்றிய கட்டுரை வந்தது. வாயில் பசை வைத்து அளவெடுக்கும் காலம் மலையேறிவிட்டது, கேமராவால் வாயை ஸ்கேன் எடுத்து மெஷினில் வெட்டினால் மனிதக் கை படாமல், துளி இடைவெளி இல்லாமல் வெனீர் உட்காரும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. மீதியைத்தான் விட முடியவில்லை.

இடைவெளி இல்லாத வெனீர் கிடையாது. கையால் செய்தாலும் சரி, மெஷினில் வெட்டினாலும் சரி, ஓரத்தில் ஒரு சந்து இருக்கும். ஒட்டுகிற பசை நிற்பதே அதில்தான். 1971-ல் மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற இருவர் 1,000-க்கும் மேற்பட்ட வேலைகளைப் பார்த்துவிட்டு 120 மைக்ரான் வரை பரவாயில்லை என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒன்றரைத் தலைமுடி கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் இந்தத் தொழிலில் அதைத்தான் அளவுகோலாகச் சொல்கிறார்கள். நல்ல கை அதற்குள் வரும், நல்ல மெஷினும் வரும். எங்கள் ஊரில் இது ஏட்டுக் கணக்கு இல்லை. இங்கே வெற்றிலை போடாத வாயைத் தேட வேண்டும். சுண்ணாம்பும் காசுக்கட்டியும் கலந்த அந்தச் சாறு மெருகேறிய பீங்கானில் பட்டால் துடைத்துவிடலாம், ஆனால் பசையில் ஏறிக்கொள்ளும். ஓரத்தில் பசை கனமாக நின்றுவிட்ட வெனீரில் கொஞ்ச நாளிலேயே ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு கோடு விழும், கண்ணுக்கு மை இட்ட மாதிரி.

இனி என் தப்பைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு டாக்டர் நாலு மேல் முன்பற்களுக்கு ஸ்கேன் அனுப்பினார். கல்யாணப் பெண்ணுக்கு. கோப்பைத் திறந்தால் திரையில் நாலு பல்லும் செதுக்கி வைத்த மாதிரி நின்றன. வந்தது எஸ்டிஎல் கோப்பு. அதில் உருவம் மட்டும்தான் இருக்கும், நிறம் இருக்காது. பல், ஈறு, எச்சில் எல்லாம் ஒரே சாம்பல். இடது ஓரப் பல்லில், ஈறுப் பக்கம், ஒரு எள் நீளத்துக்கு ஓரக்கோடு, அதாவது வெனீர் முடிய வேண்டிய எல்லை, மழுங்கியிருந்தது. சாஃப்ட்வேர் அதுபாட்டுக்கு ஒரு கோடு போட்டது. நான் மவுஸைப் பிடித்து இரண்டு மூன்று புள்ளிகளை இப்படி அப்படி நகர்த்தி, இங்கேதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

அன்றைக்குக் கரண்ட் வேறு. மூன்றாவது வெனீர் ஓடிக்கொண்டிருக்கும்போது போய்விட்டது. பாதியில் நின்ற பீங்கான் கட்டியை நான் மறுபடி ஓட்டுவதில்லை, தூக்கிப் போட்டுவிடுவேன். கீழே ஜெனரேட்டரைப் போட்டு, புதுக் கட்டி மாட்டி, வெட்டி முடிக்கும்போது கோயில் நடை சாத்திவிட்டார்கள். இந்த லித்தியம் டைசிலிகேட் பீங்கான் கட்டி அரைவேக்காட்டில்தான் வரும், வெட்டச் சுலபமாக இருக்க வேண்டுமே. 840 டிகிரி வாக்கில் உலையில் வெந்தால்தான் வலுவும் பல் நிறமும் ஏறும். கத்தரிப்பூ நிறத்தில் உள்ளே போனது பல்லாக வெளியே வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

வாயில் வைத்துப் பார்த்தபோது மூன்று கச்சிதம். நாலாவது ஈறுப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. டாக்டரின் ஊசிமுனை போய் மாட்டிக்கொண்டது. ஸ்கேனருடைய கலர் படத்தை அப்புறம்தான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த எள் நீளம் சிவப்பாக இருந்தது. பல் என்று நினைத்து நான் கோடு போட்டது ஒரு சொட்டு ரத்தத்தின் மேல்.

பழைய முறையாக இருந்தால் இது என் கைக்குத் தெரிந்திருக்கும். சிலிகான் பசையில் அளவு எடுக்கும்போது ரத்தமோ எச்சிலோ குறுக்கே வந்தால் அந்த இடம் வழுவழுவென்று உருண்டு கிடக்கும். நகத்தால் தடவினாலே போதும். ‘திரும்ப எடுங்க டாக்டர்’ என்று அனுப்பிவிட்டுத் திட்டு வாங்குவேன். கெட்ட அச்சு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கேனில் அப்படி இல்லை. சாஃப்ட்வேர் ஓட்டையை அடைத்து, மேடு பள்ளத்தை நிரவி, நம் முன்னால் லட்சணமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அதற்காகப் பழசுக்குக் கொடி பிடிக்கவில்லை. மோல்மீனிலிருந்து பஸ்ஸில் அளவுகள் வரும், ஈரத் துண்டில் சுற்றி. வெயிலில் வந்து சேர்வதற்குள் ஆல்ஜினேட் என்ற அளவுப் பசை சுருங்கியிருக்கும். ஒரு டாக்டர் அனுப்பும் சிலிகான் எப்போதும் பிசுபிசுவென்றே வந்தது. அவர் லேடெக்ஸ் கையுறையோடு பிசைகிறார், அதிலிருக்கும் கந்தகம் இறுக விடவில்லை என்று கண்டுபிடிக்கவே நாளாகிவிட்டது. என் பக்கத்திலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் அடுக்கி உலையில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். மறுபடி அடுக்க வேண்டும், மறுபடி வைக்க வேண்டும். முட்டை ஓட்டுக் கனம்தான் மொத்தமே. கடைசியில் உள்பக்கத்து அச்சுக் கல்லை மணலடித்து எடுக்கும்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்டால் மூன்று நாள் வேலை போச்சு. ஸ்கேன் வந்ததில் எனக்கு நிம்மதிதான். கோப்பு பஸ்ஸில் சுருங்காது. நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பெரிதாக்கிப் பார்த்து, சரியில்லாத துண்டை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இது நேற்று வந்த அதிசயமும் இல்லை. ஜூரிக்கில் மோர்மன் என்ற பல் மருத்துவர் 1985-லேயே கேமராவில் அளவெடுத்து, மெஷினில் வெட்டி, நோயாளிக்கு வைத்துவிட்டார்.

மனிதக் கை படாமல் என்பதற்கு வருகிறேன். மில்லிங் ஊசியின் முனை உருண்டை. கரண்டியால் டப்பா மூலையை வழிக்க முடியாதது மாதிரி, கூரான மூலைக்குள் அது போகாது. அப்படிப்பட்ட இடத்தில் சாஃப்ட்வேர் உள்பக்கத்தை அகட்டிவிடும், வெனீர் அங்கே தொளதொளவென்று நிற்கும். பல்லைச் சீவும்போதே விளிம்புகளை உருட்டிவிடுங்கள் என்று டாக்டர்களைக் கெஞ்சுவது இதனால்தான். ஓரம் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வெட்டும்போதே சில்லு தெறிக்கும். ஆகவே ஓரத்தைக் கொஞ்சம் கனமாக வெட்டிவிட்டு, லூப்பை (பூதக்கண்ணாடி) கண்ணில் மாட்டி, ரப்பர் வீலில் நான்தான் தேய்த்து மெலிக்கிறேன். என் விரலைப் படம் எடுத்து அனுப்பட்டுமா?

வெனீர் வைக்கப்போகிறவர்கள் ஸ்கேனா அச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஓரம் ஈறுக்கு வெளியே நிற்கிறதா, ரத்தம் இல்லாமல் உலர்ந்து தெரிகிறதா என்று டாக்டரிடம் கேட்கட்டும். பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் வருகிறவர் முதலில் ஈறைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். நூல் வைத்து ஈறை ஒதுக்கும் வேலையும் இரண்டு முறைக்கும் பொது. அதைத் தவிர்த்துவிட்டு எடுத்த அளவை எந்த மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் 9 நாளில் இருந்தது. டாக்டர் ஈறு ஆற 4 நாள் விட்டு, நூல் வைத்து, அந்த ஒரு பல்லுக்கு மட்டும் சிலிகானில் அளவெடுத்துக் கொடுத்தார். ஸ்கேனர் மேல் அவருக்குக் கோபம், எனக்கு என் மேல். மெழுகில் செதுக்கி, அதே லித்தியம் வகையை உலையில் இளக்கி அழுத்திச் செய்து கொடுத்தேன். லூப்பில் பார்த்தால் கை வேலையின் ஓரம் மற்ற மூன்றையும்விட ஒரு இழை மெல்லிசு, நிறம் ஒரு இழை மஞ்சள். பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

இன்னொன்று. கட்டுரையோடு நீங்கள் போட்ட படத்தில் இருப்பது வெனீர் இல்லை, முழு கிரவுன். வெனீர் பெரும்பாலும் பல்லின் முன்பக்கத்தை மட்டும் மூடுவது. படத்திலோ பல்லைச் சுற்றிலும் சீவிக் குச்சியாக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி, ‘இத்தனை வருஷமா ஜனங்களுக்கு இதையா பண்ணிட்டிருக்கீங்க?’ என்று கேட்டாள். அடுத்த தடவை படத்தை மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
பல் லேப்காரர் ஒருவர்,
யாங்கோன், மியான்மர்