நிலநடுக்கம் இடித்தது, மடங்கள் கட்டின

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த, இத்தாலியத் தீவான சிசிலி பற்றிய பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். கத்தானியா, நோட்டோ, ராகுசா என்று ஊர் ஊராகக் கூட்டிப் போயிருக்கிறார் கட்டுரையாளர். தின்பண்டங்களைப் பற்றிய பத்தியில் நாக்கில் நீர் ஊறியது. ஆனால் அந்த ஊர்களின் கட்டடங்களை ‘1693 நிலநடுக்கம் பெற்றெடுத்த பரோக் அழகு’ (பரோக் என்பது அலங்காரம் மிகுந்த பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி) என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அங்கேதான் எனக்கு இடித்தது. நிலநடுக்கம் செய்தது இடிக்கும் வேலை மட்டும்தான். அதன்பிறகு யார் காசில், யார் விருப்பப்படி கட்டினார்கள் என்று கேட்டிருந்தால் கட்டுரையில் துறவற சபைகள் வராமல் இருந்திருக்காது. தேடித் தேடிப் பார்த்தேன், அவற்றைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

1693 ஜனவரி 11 அன்று தென்கிழக்குச் சிசிலி குலுங்கியதில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள். கத்தானியா நகரில் மட்டும் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. தீவு அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. மறுகட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள வைஸ்ராய் அனுப்பியவர் கமாஸ்த்ரா கோமகன் ஜியுசெப்பே லான்சா. அவருக்குத் துணையாக ராணுவப் பொறியாளர் கார்லோஸ் தெ குருனென்பெர்க். அகலத் தெருக்கள், பெரிய சதுக்கங்கள், நேர்கோட்டு மனைகள் என்பதெல்லாம் அரசின் ஏற்பாடு. அதுவரை கட்டுரையாளர் சொல்வது சரி.

ஆனால் நேரான தெரு போட்டுவிட்டால் அதன் இருபுறமும் பரோக் தானாக முளைத்துவிடுமா? 1755இல் போர்ச்சுக்கலின் தலைநகர் லிஸ்பனும் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அங்கே மீட்புப் பணி பொம்பால் என்ற அமைச்சரின் கையில் இருந்தது. அவருக்கும் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபைக்கும் ஏழாம் பொருத்தம். நிலநடுக்கம் கடவுளின் கோபம் என்று பிரசங்கம் செய்த அந்தச் சபையின் மலக்ரீதா பாதிரியார் கடைசியில் 1761இல் கொல்லப்பட்டார். அதற்கு ஈராண்டு முன்பே சபையையே நாட்டைவிட்டு விரட்டியாயிற்று. பொம்பால் கட்டிய பாய்ஷா பகுதியில் வரிசை வரிசையாக ஒரே உயரம், ஒரே ஜன்னல், அலங்காரம் சொற்பம். சுவருக்குள் மரச்சட்டக் கூடு வைத்துக் கட்டினார்கள். கட்டடத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கூட்டின் மேல் தனி மரியாதை உண்டு. பிறகு 1783இல் சிசிலிக்கு எதிர்க்கரையான கலாப்ரியா இடிந்தபோது, நேப்பிள்ஸ் அரசு ஒரு படி மேலே போயிற்று. மடங்களை மூடி, அவற்றின் நிலபுலன்களை எடுத்து, ‘காஸா சாக்ரா’ என்ற நிதியில் சேர்த்தது. இந்த இரண்டு இடங்களிலும் நோட்டோவைப் போல ஓர் ஊர் எழும்பவில்லை.

சிசிலியில் 1693இல் மடங்களின் சொத்தில் யாரும் கை வைக்கவில்லை. கோதுமை விளையும் பெரும்பண்ணைகள் அவற்றிடம் இருந்தன. பிரபுக் குடும்பங்களில் சொத்து மூத்த மகனுக்கு. பெண்களில் பலரைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பதைவிட மடத்துக்குக் கொடுக்கும் சீர் குறைவு. ஆகவே கன்னியர் மடம் என்பது ஊர்ப் பெரிய வீடுகளின் அக்கா தங்கைகள் சேர்ந்து வாழும் இடம். பக்கத்து மடத்தைவிடத் தங்கள் ஆலயத்தின் முகப்பு ஓர் அங்குலமாவது கம்பீரமாக இருக்க வேண்டும் என்ற போட்டி அங்கே இல்லாமல் போகுமா?

அந்தப் போட்டியைக் கத்தானியாவின் க்ரோசிஃபேரி தெருவில் பார்க்கலாம். கூப்பிடு தூரத்துக்குள் பெனடிக்டைன் என்ற துறவற சபைக் கன்னியரின் சான் பெனடெட்டோ ஆலயம், இயேசு சபையின் சான் பிரான்செஸ்கோ போர்ஜா, அதன் கல்லூரி, அடுத்து சான் ஜூலியானோ. தெருவின் தொடக்கத்தில் குறுக்கே ஒரு வளைவு நிற்கிறது. பெனடிக்டைன் கன்னியரின் இரண்டு மடக் கட்டடங்களையும் இணைக்க 1704இல் கட்டியது. இன்னொரு நிலநடுக்கம் வந்தால் ஆபத்து என்று நகர நிர்வாகம் மறுக்க, கன்னியர் ஒரே ராத்திரியில் கட்டி முடித்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஒரே ராத்திரியில் வளைவு நிற்காது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஊரில் யார் பேச்சு எடுபட்டது என்பதைக் கதை சரியாகவே சொல்லிவிடுகிறது.

கட்டுரையில் ‘அழகான பால்கனிகள்’ என்று வருவதில் ஒரு பகுதி பால்கனியே அல்ல. நோட்டோவின் பெரிய தெருவில் சான் சால்வதோரே மடத்தின் கோபுர மாடத்தை அண்ணாந்து பார்த்தால் கம்பித் தடுப்புகள் தெரியும். அந்த ஊரின் கன்னியர் மடங்களில் இப்படித் தடுப்புகள் பானை வயிறாக வெளியே பிதுங்கி நிற்பதுண்டு. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கன்னியர் மதிலுக்கு வெளியே வரக் கூடாது என்று கட்டுப்பாட்டை இறுக்கியது. தேரும் ஊர்வலமும் கீழே போகும்போது வெளியார் கண்ணில் படாமல் அவர்கள் பார்க்க இந்த ஏற்பாடு. ஆக, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இந்த மாடங்கள் மடத்து விதியிலிருந்து வந்தவை.

கட்டுரை புகழும் இரண்டு கட்டடக் கலைஞர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வக்கரினி கத்தானியாவில் கட்டிய சான்ட் அகதா ஆலயம் பெனடிக்டைன் கன்னியருக்காக. கல்யார்தி நோட்டோவில் கட்டிய சான் தொமெனிகோ டொமினிக்கன் துறவிகளுக்காக. முட்டை வடிவ உட்புறம் கொண்ட சான்டா கியாரா கன்னியருக்காக. போதாததற்கு, அவோலா நகருக்கு அறுகோண வரைபடம் போட்டுத் தந்து, புதிய நோட்டோவின் திட்டத்திலும் பங்கெடுத்த ஆஞ்செலோ இத்தாலியா இயேசு சபைச் சகோதரர். பணம் மட்டுமல்ல, வரைகோலும் சபைகளிடம் இருந்தது.

இதனால் மடங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த முகப்புகளுக்குச் செலவான கோதுமைப் பணம் குடியானவர் உழைப்பு. வீட்டை இழந்தவர்கள் எப்படி மீண்டார்கள் என்பதைப் பேச அங்கே எந்த முகப்பும் இல்லை.

கட்டுரையின் ‘நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டினார்கள்’ என்ற வரியையும் அப்படியே விட முடியவில்லை. நோட்டோ பேராலயத்தின் குவிமாடம் 1996 மார்ச் 13 இரவு சரிந்தது. 1990 நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட தூண்களுக்குள் இருந்தது வெறும் கல் நிரப்பு. 1950களில் மேலே ஏற்றிய கான்கிரீட் கூரையின் பளுவும் சேர்ந்துகொண்டது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 2007இல்தான் மறுபடி திறந்தார்கள்.

கடைசியாக ஒன்று. மூன்றாம் படத்தின் கீழே ‘கத்தானியா இளவரசரின் மாளிகை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது சான் நிக்கோலோ லாரெனா பெனடிக்டைன் மடம், ஐரோப்பாவின் மிகப் பெரிய மடங்களில் ஒன்று. 1669இல் எட்னாவின் எரிமலைக் குழம்பு மதிலைச் சூழ்ந்தது; 1693இல் துறவிகளில் பெரும்பாலோர் இறந்தார்கள்; 1702இல் திரும்பக் கட்டத் தொடங்கி, உறைந்த குழம்புப் பாறையின் மேலேயே தோட்டம் போட்டார்கள். ஒட்டியிருக்கும் ஆலயத்தின் முகப்பு இன்றுவரை முடியவில்லை. பாதியில் நிற்கும் தூண்கள் உங்கள் படத்தின் ஓரத்திலேயே தெரிகின்றன. 1866 சட்டத்தில் இத்தாலிய அரசு மடத்தை எடுத்துக்கொண்டது, 1977 முதல் அது கத்தானியா பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கிறது. அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட்டால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
கும்பகோணம்.