ஓசிடியைச் செரடோனின் "குறைபாடு" என்று இனியும் சொல்லாதீர்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளிலும் யூடியூபிலும் மனநல நிகழ்ச்சிகள் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, கழுவுவது, சரிபார்ப்பது போன்றவற்றை நிறுத்த முடியாமல் செய்யவைக்கும் மனநோயான ஓசிடி பற்றி நீங்கள் ஒளிபரப்பும் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறோம். அண்மையில் ஒன்றில், "மூளையில் செரடோனின் குறைந்தால் ஓசிடி வரும்" என்று விருந்தினர் சொல்லி முடிப்பதற்குள், திரையின் அடியில் செரடோனின் ரத்தப் பரிசோதனைக்கான விளம்பரம் ஓடியது. (செரடோனின் என்பது நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்.) அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கோரிக்கை இதுதான்: "செரடோனின் குறைபாடு" என்ற சொல்லை ஓசிடியோடு சேர்த்துச் சொல்வதை நிறுத்துங்கள். அந்தப் பரிசோதனை விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்.

நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள் என்பது தெரியும். "மனசைக் கட்டுப்படுத்து, எல்லாம் சரியாப் போகும்" என்றே கேட்டுக் கேட்டுச் சலித்தவருக்கு, இதற்கு மூளை சார்ந்த காரணம் உண்டு என்று தெரிவதே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைப் பறிக்க நாங்கள் வரவில்லை. காரணம் உண்டு. ஆனால் தைராய்டு போல, இரும்புச்சத்து போல, ஊசி குத்தி அளந்து பார்க்கும் காரணம் அது இல்லை.

உடம்பிலுள்ள செரடோனினில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில் உருவாகிறது. ரத்தத்தில் அதைச் சுமந்து செல்பவை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். அங்கிருந்து அது மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே ஆய்வகம் தரும் எண் குடலையும் தட்டணுக்களையும் பற்றியது. செரடோனினைச் சுரக்கும் கார்சினாய்டு வகைக் கட்டி இருக்குமோ என்ற ஐயம் வந்தால் மருத்துவர்கள் கேட்கும் சோதனை அது. வாழைப்பழம் சாப்பிட்டால் செரடோனின் ஏறும் என்று நீங்கள் தரும் குறிப்புக்கும் இதே பதில்தான்: அது மூளைக்குள் போகாது.

இனி, அறிக்கை வீட்டுக்கு வந்ததும் நடப்பதைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், நாளுக்கு ஐந்து மணி நேரம் குளியலறையில் கழியும் ஒரு பெண்ணிடம் அந்தத் தாளை நீட்டி, "டெஸ்ட்ல ஒண்ணுமே இல்ல, நீ வேணும்னே பண்ற" என்கிறார்கள். அவளுடைய நோய், அவள் சொல்லும் பொய்யாகிவிடுகிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவரின் பாடு இன்னும் மோசம். ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின் போன்றவை தட்டணுக்கள் செரடோனினை உள்ளிழுப்பதையும் தடுக்கின்றன. சில வாரங்களில் ரத்த அளவு வெகுவாகச் சரியும். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவருக்குத்தான் அறிக்கையில் "குறைவு" என்று வருகிறது! அதைப் பார்த்து ஒருவர் "மருந்து வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடலாம். இன்னொருவர், உடம்பில் செரடோனினாக மாறும் 5-எச்.டி.பி. மாத்திரையை இணையத்தில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். மருந்தும் இந்த மாத்திரையும் கூடினால் செரடோனின் மிகுந்து நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று அவசரச் சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோய்விடக் கூடும். சில நொடி ஓடும் விளம்பரத்துக்கு இவ்வளவு விலையை யார் கொடுப்பது?

குறைபாடு என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பது உங்கள் விருந்தினர்களுக்குத் தெரியாதது இல்லை. குளோமிப்ரமின் என்ற மருந்து ஓசிடிக்குப் பலன் தந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் நார்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருள் மீது வேலை செய்யும் டெசிப்ரமின் தரவில்லை. ஆகவே செரடோனினுக்கு இதில் பங்குண்டு என்று ஊகித்தார்கள். நியாயமான ஊகம். ஆனால் குடை பிடித்தால் நனையவில்லை என்பதற்காக, மழைக்குக் காரணம் குடை இல்லாததுதான் என்று ஆகிவிடாது. வெளியான செரடோனினை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதை மாத்திரை சில மணி நேரத்தில் தடுத்துவிடுகிறது. அறிகுறி குறையவோ ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகிறது. வெறும் குறைபாடு என்றால் இந்தத் தாமதம் ஏன்?

இதைவிடத் தெளிவாகத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் சொல்வதே இல்லை. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதி, மூளையின் அடியிலுள்ள காடேட் என்ற பகுதி, அதற்கடுத்த தலாமஸ் என்ற பகுதி, மறுபடி முன்மூளை என்று ஒரு சுற்று ஓடுகிறது. "ஏதோ தப்பாக இருக்கிறது, சரிபார்" என்ற எச்சரிக்கையை இந்தச் சுற்றில் ஒரு பாதை தூண்டிவிடுகிறது, இன்னொரு பாதை அடக்குகிறது. ஓசிடியில் தூண்டும் பாதையின் கை ஓங்கி நிற்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கை சுத்தமாகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தும் "போதும்" என்ற நிறைவு வராமல் போவது அதனால்தான்.

1992இல் லாஸ் ஏஞ்சலிஸில் பாக்ஸ்டர் என்ற ஆய்வாளரின் குழு ஓசிடி உள்ள 18 பேரை எடுத்துக்கொண்டது: 9 பேருக்கு ஃப்ளூவாக்செடின், 9 பேருக்கு நடத்தைச் சிகிச்சை. சுமார் பத்து வாரம் கழித்து மூளையைப் படமெடுத்தபோது, குணம் கண்டவர்களின் வலப்பக்கக் காடேட்டில் குளுக்கோஸ் செலவு, அதாவது அந்தப் பகுதியின் வேலை, குறைந்திருந்தது, மாத்திரை எடுத்தவர்களிடமும் எடுக்காதவர்களிடமும். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் "மூளை நோய் என்றால் மாத்திரை மட்டும்தான்" என்ற உங்கள் நிகழ்ச்சிகளின் மறைமுகச் செய்தி இதோடு ஒத்துப்போவதில்லை.

மரபணுவைப் பற்றியும் "அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும்" என்று ஒரே வரியில் பயமுறுத்துகிறீர்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி, சிறுவயதில் தொடங்கும் அறிகுறிகளில் மரபின் பங்கு 45 முதல் 65 விழுக்காடு, பெரியவர்களிடம் 27 முதல் 47. மீதி மரபுக்கு வெளியே இருக்கிறது. ஓசிடிக்கென்று ஒற்றை மரபணு கிடையாது; 2025இல் வெளிவந்த பெரிய ஆய்வு மட்டுமே 30 மரபணு இடங்களைக் காட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

பார்ப்பவருக்குப் பயன்பட வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். ஓசிடிக்கு மருந்தளவு மனச்சோர்வுக்கானதைவிடப் பெரும்பாலும் அதிகம்: ஃப்ளூவாக்செடின் 40 முதல் 80 மில்லிகிராம், செர்ட்ராலின் 200 வரை. முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடலாம். பலரும் மருந்தை விடுவது அங்கேதான். குறைந்தது பத்து, பன்னிரண்டு வாரம் போதிய அளவில் எடுத்தால்தான் பலன் உண்டா இல்லையா என்றே தெரியும். குணமான பிறகும் ஓரிரு ஆண்டு தொடர வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது. இத்தனையும் மருத்துவர் மேற்பார்வையில். கூடவே இ.ஆர்.பி. (பயத்தை எதிர்கொண்டு, வழக்கமான செயலைச் செய்யாமலிருக்கப் பழகும் நடத்தைச் சிகிச்சை) என்பதைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு, 30, 40இல் உள்ளதிலிருந்து தொடங்குவார்கள். கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும், கழுவக் கூடாது, பதற்றம் தானாகத் தணியும்வரை அதோடு இருக்க வேண்டும். பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள், தினமும் வீட்டுப் பயிற்சி. "கேஸை அணைச்சாச்சு, பூட்டியாச்சு" என்று வீட்டார் திரும்பத் திரும்ப உறுதி சொன்னால் பயிற்சி வீணாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் மனத்தில் உறுத்துகிறது. கை கழுவுவதை மட்டுமே காட்டுகிறீர்கள். சாமி படத்தைப் பார்த்ததும் ஆபாச எண்ணம் வருகிறவர்கள், குழந்தையைக் கையில் எடுத்தால் கீழே போட்டுவிடுவோமோ என்று நடுங்கும் தாய்மார்கள், தமக்கு இருப்பது ஓசிடி என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே "எனக்கும் கொஞ்சம் ஓசிடி இருக்கு" என்னும்போது அவர்கள் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்கிறது. அந்தச் சிரிப்பை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். தயவுசெய்து "குறைபாடு" என்ற சொல்லை விடுங்கள். பரிசோதனை விளம்பரத்தை நிறுத்துங்கள். ஏற்கெனவே வெளியான காணொளிகளின் விவரக் குறிப்பில், "ஓசிடியை ரத்தப் பரிசோதனையில் கண்டறிய முடியாது, அறிக்கையைப் பார்த்து மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று இரண்டு வரி சேருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்த வாரமே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியல் பணியில் இருக்கும் சிலர்